இரவில் பிஎச் 7.7-க்கு இறங்குகிறது: கால்சியம் ரியாக்டர் வைத்திருப்பவர்கள் உதவுங்கள்

சென்னையில் என் 400 லிட்டர் பவளத் தொட்டியில் மூன்று வாரங்களாக விடியற்காலை பிஎச் 7.7-க்கு இறங்கிவிடுகிறது, மாலையில் 8.0. ஒற்றை அறை ரியாக்டர் (கார்பன் டை ஆக்சைடு கலந்த நீரில் சுண்ணாம்புத் துகள்களைக் கரைத்துப் பவளத்துக்குக் கால்சியம் தரும் கருவி), உள்ளே அரகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமத் துகள்கள். உள்ளே பிஎச் 6.5, வெளியேறும் நீர் நிமிடத்துக்கு 40 மில்லி. காரத்தன்மை 8 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம், இரண்டும் அசையவில்லை. ஆனால் அக்ரோபோரா பவளக் கிளைகளின் வெண்ணிற வளர்முனைகள் மங்கிவிட்டன. காலையில் அதைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை.

மீட்டரை 7, 10 கரைசல்களில் சரிபார்த்தேன். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் துணைத் தொட்டி) உள்ள பாசிக்கு இரவில் விளக்கு போட்டேன், 0.05 கூடியது, அவ்வளவுதான். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவைத்த இரவில் மட்டும் 7.9. ஆனால் தொட்டி நீர் 29 டிகிரிக்குப் போய்விட்டது. ஸ்கிம்மரின் (காற்றுக் குமிழிகளால் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக் குழாயை வெளியே விடச் சுவரில் துளையிட வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை.

ரியாக்டரிலிருந்து வரும் நீரில் மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க இரண்டாவது அறை சேர்ப்பதா, ஸ்கிம்மர் காற்றுக்குச் சோடா லைம் (பிஎச்சை இறக்கும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து உறிஞ்சும் பொருள்) வைப்பதா, எதை முதலில் செய்யலாம்?