கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தோழிகளே, ஒரு யோசனை வேண்டும். திருப்பூரில் சின்ன பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். 26 வாரப் பேறுகால விடுப்பு அடுத்த மாதம் முடிகிறது. அம்மா இல்லை, மாமியாருக்கு மூட்டுவலி. பாப்பா புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

2017-ல் பேறுகாலச் சலுகைச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் 4 முறை போய்ப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். நாங்கள் மொத்தமே 18 பேர். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க 2 இடைவேளை உண்டுதான். ஆனால் வீடு அவிநாசியில், போய் வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

அதனால் பாப்பாவைக் கூடவே கொண்டுவர முதலாளியிடம் கேட்கப் போகிறேன். எங்கள் பாட்டி வேப்பமரத்தில் தூளி கட்டிவிட்டுத்தான் களை எடுத்தார். அலுவலகத்தில் சாம்பிள் வைக்கும் அறை காலியாகத்தான் கிடக்கிறது. பஞ்சுத் தூசி ஒன்றுதான் எனக்குப் பயம்.

இப்படிக் கொண்டுபோனவர்கள் சொல்லுங்கள்: பேச்சை எப்படி எடுத்தீர்கள்? கூட இருப்பவர்கள் முகம் சுளித்தார்களா? அப்புறம், தவழ ஆரம்பித்ததும் எப்படிச் சமாளித்தீர்கள்? திங்கட்கிழமை பேசப் போகிறேன், அதற்குள் சொன்னால் பெரிய உதவி.