ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர்: 'வகுநர்' சரியாக வருமா?

வணக்கம்.

ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும்போது, இன்டீரியர் டிசைனருக்குச் சொல்லப்படும் 'உள் அலங்கார நிபுணர்' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அலங்காரம் என்றதும் திரைச்சீலை, பூச்சாடி, சுவர் வண்ணம் என்றுதான் மனம் போகும், அது டெக்கரேட்டர் வேலை. டிசைனர் அதற்கு வெகுமுன்பே வர வேண்டியவர்: சுவிட்ச் எந்த உயரத்தில், அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்குமா, சமைப்பவரின் நிழலே அடுப்பில் விழுமா, இதையெல்லாம் பூச்சு வேலைக்கு முன்னாலேயே முடிவு செய்பவர். பெயரை நம்பி அவரைக் கடைசியில் கூப்பிட்டு, பூசிய சுவரை வயருக்காக மறுபடி கொத்திய வீட்டை நானே பார்த்திருக்கிறேன்.

ஆர்க்கிடெக்டுக்குக் 'கட்டடக் கலைஞர்' புழக்கத்தில் இருக்கிறது, சரி. (கட்டடமா கட்டிடமா என்ற வழக்கை இப்போது எடுக்க வேண்டாம்.) ஆனால் கலைஞர் என்றால் முகப்பை அழகாக வரைபவர் என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். படி எங்கே ஏறுகிறது, காற்றும் வெளிச்சமும் எந்தப் பக்கம், பொறியாளரோடு பேசி எந்தச் சுவரை எடுக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பல நாடுகளில் முறையாகப் பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது.

கிரேக்க மூலத்தில் ஆர்க்கிடெக்ட் என்ற சொல்லுக்குத் தலைமைத் தச்சர் என்று பொருள். நம்மிடமும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்று வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் இன்று தச்சர் என்றால் மரவேலை என்று சுருங்கிவிட்டதால் அதை மீட்பது கடினம்.

என் பரிந்துரை: ஆர்க்கிடெக்டுக்குக் கட்டட வகுநர், இன்டீரியர் டிசைனருக்கு உள்ளக வகுநர். வகுநர் என்றால் வகுப்பவர், திட்டமிட்டு அமைப்பவர். அரண்மனைக்குக் கயிறிட்டு அளப்பதைச் சங்க நூலான நெடுநல்வாடை 'மனை வகுத்து' என்றுதான் சொல்கிறது. இயக்குநர், ஓட்டுநர் போலவே வகுநர். வகுத்தல் கணக்கை நினைவூட்டும் என்பார்கள், ஆனால் திட்டம் வகுப்பதையும் வியூகம் வகுப்பதையும் யாரும் கணக்கோடு குழப்பிக்கொள்வதில்லையே. இரண்டு தொழில்களின் பெயருக்கும் ஒரே அடிச்சொல் இருப்பதால், முன்னால் நிற்கும் சொல்லே எல்லையைக் காட்டிவிடும்: சுவரை இடிக்கவோ மாடி எழுப்பவோ கட்டட வகுநர், இருக்கும் சுவர்களுக்குள் புழங்கும் இடத்தைச் சீராக்க உள்ளக வகுநர், திரைச்சீலைக்கு அலங்கரிப்பாளர்.

'உள்ளக' என்பதை 'அக' என்று சுருக்கலாமா என்பதில்தான் தயக்கம். அகம் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும், 'அக வகுநர்' என்றால் மனநல மருத்துவரோ என்று தோன்றாதா? நீங்கள் சொல்லுங்கள்.