ஸ்கூல் லேப்டாப்ல பொண்ணு கதை எழுதினா அலர்ட் போயிடுச்சு, எதெல்லாம் பாக்குறாங்க?

தூங்காத அம்மா:
பொண்ணு ஒன்பதாவது. ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல ராத்திரி ஒரு கதை டைப் பண்ணிட்டு இருந்தா, அதுல ஒரு கேரக்டர் "செத்துரலாம் போல இருக்கு"ன்னு சொல்லுது, அவ்ளோதான், மறுநாள் காலைல ஆபீஸ் ரூம்ல உக்காரவச்சு வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு கேட்ருக்காங்க. அக்கறைலதான் கேட்டாங்கன்னே வச்சுக்குவோம், யாருக்கும் ஷேர் பண்ணாத ஃபைல் எப்படி தெரிஞ்சுது? இப்ப கேமரா மேல பேண்டெய்ட் துண்டு ஒட்டிட்டா, கதைய நோட்டுல எழுதி ஸ்கூல் பைக்குள்ள அடில வச்சுக்கிறா. சேர்க்கும்போது ஏதோ ஃபார்ம்ல கையெழுத்து போட்டேன், படிக்கல.

பழைய அட்மின்:
லேப்டாப் மட்டும் இல்லீங்க, அக்கவுண்ட்டே ஸ்கூலோடது. அந்த ஐடில குரோம் ப்ரொஃபைல் போட்டா உங்க சொந்த கம்ப்யூட்டர்லயும் ஸ்கூல் அட்மின் சொன்ன எக்ஸ்டென்ஷன், அதாவது குரோமோட ஒட்டிக்கிற குட்டி சாஃப்ட்வேர், தானா வந்து உக்காந்துக்கும். சாஃப்ட்வேர் வார்த்தைய தேடும், கதையா நிஜமான்னு அதுக்கு எங்க தெரியும். சொந்த போன்ல ஸ்கூலோட சர்ட்டிபிகேட்னு ஒரு ஃபைல் போடச் சொன்னா மட்டும் போட்றாதீங்க, அது இருந்தா ஸ்கூல் நெட்வொர்க்ல பூட்டு அடையாளம் இருக்கிற பாதுகாப்பான சைட்டையும் நடுவுல பிரிச்சு படிக்கலாம். பேண்டெய்ட் இருக்கட்டும். அமெரிக்கால லோயர் மெரியன்னு ஒரு ஊர் ஸ்கூல்ல, குடுத்த லேப்டாப் தொலஞ்சா கண்டுபிடிக்கன்னு வச்ச சாஃப்ட்வேர் வீட்ல இருந்த பசங்கள படம் படமா எடுத்து, 2010ல கேஸாகி 6,10,000 டாலர்ல முடிஞ்சுது. அப்டி எடுத்த படத்த வச்சு, ஒரு பையன் மாத்திரை வச்சிருக்கான்னு கூப்பிட்டு கேட்ருக்காங்க, அவன் மிட்டாய்ன்னான்.

சாக்பீஸ்:
நானும் டீச்சர்தான், திட்டு விழும்னு தெரிஞ்சே சொல்றேன். ஒரு தடவ இப்டி வந்த அலர்ட் நிஜமாவே இருந்துச்சு, அந்தப் பிள்ளைகிட்ட நேரத்துக்குப் பேச முடிஞ்சுது, அதனால மொத்தமா தூக்குங்கன்னு சொல்ல வாய் வரல. ஆனா அலர்ட் நாலஞ்சு பேருக்குப் போகுது, மத்தியானத்துக்குள்ள ஸ்டாஃப் ரூம் முழுக்க அந்தப் பிள்ளை பேருதான். எனக்கு அதுதான் உறுத்துது.

கடைசி பெஞ்ச்:
கையெழுத்து போட்டுட்டோமேன்னு நொந்துக்காதீங்க அக்கா. ஸ்வீடன்ல ஒரு ஸ்கூல்ல 22 பசங்களுக்கு முகத்த ஸ்கேன் பண்ணி அட்டெண்டன்ஸ் எடுத்துப் பாத்தாங்க, வீட்ல சம்மதம் வாங்கித்தான். ஆனாலும் 2019ல அந்த நாட்டு டேட்டா பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனா (ஸ்வீடன் பணம்) அபராதம் போட்டுச்சு. ஸ்கூல் கேக்கும்போது யாரு மாட்டேன்னு சொல்லுவா, அது சம்மதத்துல சேராதுன்னுட்டாங்க. அந்த அலர்ட்ட யார் யார் பாத்தாங்க, சாஃப்ட்வேர் கம்பெனிகிட்ட காப்பி இருக்கா, எப்ப அழிப்பீங்கன்னு எழுத்துல கேளுங்க. வாய்ல கேட்டா "பாக்குறோம் மேடம்"னு அனுப்பிடுவாங்க.

தூங்காத அம்மா:
லெட்டர் எழுதிட்டேன், நாளைக்குக் குடுக்கணும். இன்னொண்ணு. நேத்து பைய ஒழுங்குபண்ணும்போது அந்த நோட்டு கைல வந்துச்சு, ரெண்டு வரி படிச்சுட்டு மூடி வச்சுட்டேன். அவகிட்ட சொல்லிடவா?