செக் நாட்டின் லூஷ்னிட்சே ஆற்றங்கரை: ஐந்து நாட்களில் எதைப் பார்ப்பது?

கேள்வி: இரணைமடுக் கரை (கிளிநொச்சி)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஒக்டோபர் முற்பகுதியில் தமையனாரின் மகளுடைய திருமணத்துக்காக ஜேர்மனிக்குச் செல்கிறேன். திருமணம் முடிந்த பின் ஐந்து நாட்கள் மிஞ்சுகின்றன. ஷெங்கன் விசா இருப்பதால், அயலிலுள்ள செக் குடியரசுக்குப் போய் ஓர் ஆற்றை ஒட்டிய காடுகளையும் பழைய கட்டடங்களையும் ஆறுதலாகப் பார்க்க விரும்புகிறேன். விசாரித்தவர்கள் எல்லோரும் வல்தாவா ஆற்றையும் செஸ்கி க்ரும்லோவ் நகரையுமே சொல்கிறார்கள். தெற்கே லூஷ்னிட்சே என்றொரு சிற்றாறு இருப்பதாகவும், அதன் கரையெங்கும் குளங்கள் என்றும் ஓரிடத்தில் வாசித்தது முதல் மனம் அங்கேயே நிற்கிறது. என் தந்தையார் இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) திறக்கும் வேலை பார்த்தவர். நான் குளக்கட்டில் நடந்தே பள்ளிக்கூடம் போனவள். நாளுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் நடப்பேன், ஆனால் வள்ளம் வலிக்க மாட்டேன். அந்தப் பகுதியை அறிந்தவர்கள் வழி சொல்வீர்களா?

பதில்: ஒட்டுசுட்டான் மருது (ஜேர்மனி)

அக்கா, நீங்கள் சரியான ஆற்றைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நான் இருமுறை சென்றிருக்கிறேன். இரண்டாம் முறை போனது குளக்கட்டுகளைப் பார்ப்பதற்காக மட்டுமே.

பிராக்கிலிருந்து தாபோர் வழியாகத் தெற்கே போகும் புகையிரதத்தில் ஏறி, வெசெலி என்ற சந்தியில் மாறினால் த்ரெபோன் நகருக்குப் போய்விடலாம். அங்கேயே மூன்று இரவுகள் தங்குங்கள். அந்தச் சமவெளி ஒரு காலத்தில் வெறும் சதுப்பு நிலம். 16ஆம் நூற்றாண்டில் ரோஷ்ம்பெர்க் பிரபுக்களின் பணியில் இருந்தவர்கள் அந்தச் சேற்றைக் குளங்களாக மாற்றினார்கள். முதலில் ஷ்டெபானெக் நெத்தோலிட்ஸ்கி என்பவர் 'தங்க வாய்க்கால்' எனப்படும் ஏறக்குறைய 45 கிலோமீற்றர் நீளமான வாய்க்காலை வெட்டுவித்தார். அது லூஷ்னிட்சேயிலிருந்து நீரை எடுத்து, வழியிலுள்ள குளங்களுக்கு ஊட்டிவிட்டு, மீண்டும் அதே ஆற்றிலேயே சேர்கிறது. ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் அதில் நீர் ஓடுகிறது.

அவருக்குப் பின் வந்த யாகுப் கர்ச்சீன் 1590இல் கட்டி முடித்த ரோஷ்ம்பெர்க் குளந்தான் செக் நாட்டின் மிகப் பெரிய மீன் வளர்ப்புக் குளம். ஏறக்குறைய 490 ஹெக்டெயர், நம் கணக்கில் 1,200 ஏக்கர். கட்டின் நீளம் இரண்டரைக் கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு, ஆகவே நீங்கள் ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்பலாம். கர்ச்சீன் கட்டை உயர்த்தியதோடு நிற்கவில்லை. மாரி வெள்ளம் முழுவதும் குளத்துக்குள் வந்தால் கட்டு தாங்காது என்று கணித்து, ஆற்றின் வெள்ளத்தை நெஷார்க்கா என்னும் இன்னோர் ஆற்றுக்குத் திருப்புவதற்காகப் 'புதிய ஆறு' ஒன்றையே வெட்டுவித்தார். 2002ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், வழக்கமாக 60 இலட்சம் கன மீற்றர் கொள்ளும் இந்தக் குளம் 7 கோடி கன மீற்றர் வரை தாங்கிநின்று, கீழேயிருந்த ஊர்களைக் காத்தது. 2018 மார்கழியில் இரணைமடு வான் பாய்ந்த இரவுகளை நினைவில் வைத்திருக்கும் உங்களுக்கு அந்தக் கட்டில் நிற்கும்போது என்ன தோன்றும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

காட்டுக்குள் நடக்கும்போது உண்ணி கவனம். அங்குள்ள உண்ணிகள் மூளையழற்சியைப் பரப்பக்கூடியவை. நீளக் காற்சட்டையும் காலுறையும் அணிந்து, மாலையில் உடலைச் சோதித்துப் பாருங்கள். கடைகளில் யூரோ அல்ல, கொருனா என்னும் அவர்களுடைய நாணயமே வழக்கில் உள்ளது.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் (வவுனியா)

தம்பி மருது சொன்னவை பயனுள்ளவை. ஆனால் ஐந்து நாட்களையும் குளங்களுக்கே கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. செஸ்கி க்ரும்லோவ் 1992இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த நகரம். அதை விட்டாலும் தாபோர் நகரை விடக்கூடாது. யான் ஹுஸ் என்ற சமயச் சீர்திருத்தவாதியை 1415இல் கொன்ஸ்தான்ஸ் நகரில் உயிரோடு எரித்த பின், அவரைப் பின்பற்றிய எளிய மக்கள் 1420இல் லூஷ்னிட்சே ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் இந்த நகரை அமைத்தார்கள். யான் ஷிஷ்கா என்ற தளபதி பண்ணை வண்டிகளை வளைத்து நிறுத்தி அரணாக்கி, குதிரைப்படைகளை எதிர்த்து வென்றது உலகப் போர்க்கலை வரலாற்றில் இடம்பெற்ற செய்தி. வளைந்து குறுகிச் செல்லும் தெருக்களையும், வீடுகளுக்கு அடியில் குடைந்த நிலவறைகளையும் இன்றும் பார்க்கலாம்.

அங்கேயும் உங்களுக்கு ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, தங்கச்சி. 1492இல் ஓர் ஓடையை மறித்து நகரத்தின் குடிநீருக்காகக் கட்டிய அதற்கு, விவிலியத்தில் வரும் யோர்தான் ஆற்றின் பெயரையே வைத்தார்கள். இந்த நூற்றாண்டில் அதை முழுமையாக வற்றவைத்துச் சேற்றை அகற்றி மீண்டும் நிரப்பியிருக்கிறார்கள். தூர்ந்துபோன சிறு குளங்கள் எத்தனையோ நம் வன்னியில் கிடக்கும்போது, அந்தச் செய்தியை வாசித்துவிட்டு நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரணைமடுக் கரை

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி தாபோரில் இரண்டு நாட்கள் நிற்கிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. ரோஷ்ம்பெர்க் கட்டில் பெரிய மரங்கள் நிற்பதைப் படத்தில் கண்டேன்; அவை தாமாக முளைத்தவையா? அடுத்து, நான் போகும் நாட்களில் குளத்தில் மீன்பிடி நடப்பதைக் காண முடியுமா?

ஒட்டுசுட்டான் மருது

அவை ஓக் மரங்கள், அக்கா. வேர்கள் மண்ணை இறுகப் பிடிக்கும் என்பதற்காகக் கட்டு நெடுகிலும் வேண்டுமென்றே நட்டவை. நம் குளக்கரை மருதுகளைப் போலப் பருத்த, முடிச்சு விழுந்த அடிமரங்கள்.

ரோஷ்ம்பெர்க் மீன்பிடி வழக்கமாக ஒக்டோபர் நடுப்பகுதியில் நடக்கும். திகதியை த்ரெபோன் சுற்றுலா நிலையத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். பல நாட்களாக நீரை இறக்கி, கட்டோரம் உள்ள ஆழமான மடுவில் மீன் முழுவதும் ஒதுங்கிய பின், விடிவதற்கு முன்பே வலையை வளைத்து இழுப்பார்கள். பெரும்பாலும் கெண்டை மீன். நத்தார் முதல்நாள் இரவில் செக் நாட்டு வீடுகளில் உண்பது அதுவே. நம் ஊரில் ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றும்போது ஜப்பான் மீன் பிடிக்கக் கரையில் கூடும் சனம் போலவே, அங்கும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள்.

தாபோரில் நிற்கும் நாட்களில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாபோரிலிருந்து பெகினியே வரை ஓடும் சிறு புகையிரதம் 1903இல் மின்சாரத்தில் ஓடத் தொடங்கியது. அக்கால ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் முன்னோடி மின்சாரப் புகையிரதப் பாதைகளில் அதுவும் ஒன்று. பாதையின் கடைசியில், 1928இல் கட்டிய வளைவுப் பாலத்தில், ஆறு வெகு ஆழத்தில் கிடக்க, தெருவும் தண்டவாளமும் ஒன்றாகவே கடக்கின்றன. ஸ்தாட்லெட்ஸ் ஊருக்கருகே உள்ள சங்கிலிப் பாலத்துக்கு ஒரு வாடகைக் கார் பிடித்தாவது போங்கள். 19ஆம் நூற்றாண்டில் வல்தாவா மேல் கட்டிய பாலம் அது. ஒர்லிக் அணையின் நீர் அதை மூழ்கடிக்கப்போகிறது என்றானபோது கழற்றி வைத்து, 1975இல் லூஷ்னிட்சே மேல் திரும்பப் பொருத்தினார்கள். மரப்பலகைத் தளத்தில் நடக்கும்போது சங்கிலி மெல்ல அசைவது காலுக்குத் தெரியும்.