பினோக்கியோ கதைல அந்த சில்வண்டு நாலாவது அத்தியாயத்துலயே செத்துடுதே?!

மரப்பாச்சி:
பையனுக்கு 7 வயசு, தூங்கறதுக்கு முன்னாடி தினம் ஒரு அத்தியாயம்னு, பொய் சொன்னா மூக்கு நீளற மரப்பொம்மை பினோக்கியோவோட ஒரிஜினல் கதைய இங்கிலீஷ்ல படிச்சு தமிழ்ல சொல்லிட்டு வரேன். நான் சின்ன வயசுல பாத்தது டிஸ்னி படம்தான், அதுல அந்த சில்வண்டு, பேரு ஜிமினி கிரிக்கெட், தொப்பி, குடை சகிதமா கடைசி வரைக்கும் கூடவே வரும்ல, இங்க என்னடான்னா புத்தி சொன்ன பாவத்துக்கு நம்ம ஹீரோ மரச்சுத்தியல எடுத்து வீசி அத செவுத்தோட ஒட்டிடறான். "அவ்ளோதானாப்பா?"ன்னு கேக்கறான் பையன். தொடரலாமா, இல்ல பேசாம படத்த போட்டு விட்றலாமா? போடறதுன்னா எது?

பழைய பேப்பர்:
15வது அத்தியாயத்துக்கு இப்பவே மனச தேத்திக்கோங்க பாஸ். நரியும் பூனையும் வேஷம் போட்டு வந்து, அவன் நாக்குக்கு அடில ஒளிச்சு வெச்ச தங்கக்காசுக்காக ஓக் மரத்துல தூக்குல தொங்க விட்ருவாங்க. இத எழுதுன கொல்லோடி கதைய அங்கயே முடிச்சிட்டாரு, நெஜமாதான். 1881ல ரோம்ல வந்த சிறுவர் பத்திரிகைல தொடரா வந்தது, படிச்சவங்க விடல, 1882 பிப்ரவரில மறுபடி ஆரம்பிச்சு 1883ல புக்கா வந்துச்சு. நம்ம சீரியல்ல செத்தவங்க திரும்பி வர்றதுக்கெல்லாம் இவர்தான் தாத்தா. சில்வண்டும் ஆவியா வரும், பையன்கிட்ட சொல்லி வைங்க.

மூக்குப்பொடி:
டிஸ்னி ஒண்ணும் சாஃப்ட் இல்ல, 1940ல எடுத்ததுன்னாலும் அதுல ஒரு பையன் கழுதையா மாறும்போது அம்மான்னு கத்தற சீன்ல நான் போர்வைக்குள்ள போய்ட்டேன். ஆனா புக்குல இருக்கற குசும்பு அதுல இல்ல. மூக்கு நீண்டு ரூம்லயே திரும்ப முடியாம நிக்கறப்போ தேவதை கைதட்டி ஆயிரம் மரங்கொத்திய கூப்பிட்டு கொத்த வெச்சு சின்னதாக்குவா, இத எப்டி விட்டாங்கன்னே தெரியல. அப்றம் பினோக்கியோவோட அப்பாவ முழுங்கறது படத்துலதான் திமிங்கலம், புக்குல சுறா.

நைட் ஷிஃப்ட்:
2022ல டைரக்டர் டெல் டோரோ எடுத்த பினோக்கியோ படம், ஆஸ்கர் வாங்குனது, எனக்கு உசுரு. முசோலினி காலத்து இத்தாலி, சாவுதான் மெயின் மேட்டரே, அதனால 7 வயசுக்கு வேணாம். (அதுலயும் வண்டு நசுங்கிட்டே இருக்கும், பாவம்.) அதே வருஷம் டாம் ஹாங்க்ஸ் நடிச்சு டிஸ்னியே திரும்ப எடுத்தத பாக்கறதுக்கு தூங்கலாம். 2019ல வந்த இத்தாலி படம்தான் புக்குக்கு கிட்ட. இத்தாலி நடிகர் ரொபர்டோ பெனினி 2002ல வந்த இன்னொரு படத்துல அவரே பொம்மையா நடிச்சாரு, 17 வருஷம் கழிச்சு இதுல அப்பா ஜெப்பெட்டோ. பையனுக்கு பத்து வயசானப்புறம் போடுங்க.

மரப்பாச்சி:
நன்றி மக்களே, புக்கே போகட்டும். நேத்து ராத்திரி ஜெப்பெட்டோ கோட்ட வித்து பாடப்புத்தகம் வாங்கிட்டு பனில வெறும் சட்டையோட வர்ற இடம். கோட்டு எங்கன்னு கேட்டா "வித்துட்டேன், புழுக்கமா இருந்துச்சு"ம்பாரு. பையன் ரொம்ப நேரம் பேசல, அப்றம் "பொய் சொன்னாருல்ல, அவருக்கு ஏன் மூக்கு நீளல?"ங்கறான்.