பேட்மிண்டன் கடைக் கல்லாவுக்கு எதிரே நின்றவர்கள்

பதினோரு வருடமாக பேட்மிண்டன் சாமான் மட்டும் விற்கிறேன். "கிரிக்கெட் பால் இருக்கா?" என்று கேட்பவர்கள் இன்னமும் வருகிறார்கள். இல்லை என்றால் ஏதோ நான் ஒளித்து வைத்திருக்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். அது பழகிவிட்டது. பழகாத ஒன்றைச் சொல்கிறேன்.

2023இல் இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஓங்கி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. அந்தச் செய்தி வந்த சமயத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் அப்பாவோடு வந்தான். "அங்கிள், 30 பவுண்டு போடுங்க." ஸ்ட்ரிங்கை எவ்வளவு இறுக்கிக் கட்டுவது என்பதன் அளவு அது. பேட்டை வாங்கி, பிரேமும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன்: அதிகபட்சம் 24. "இறுக்கிக் கட்டினா அடி வேகமா போகும்ல?" என்றான். போகாது. தளர்வான ஸ்ட்ரிங்தான் ஷட்டில் காக்கைத் தள்ளிவிடும். இறுக்கினால் கட்டுப்பாடு கூடும், ஆனால் நடுவில் சரியாகப் பட்டால்தான் காக் போகும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் பலகையில் அடித்த மாதிரி இருக்கும். பெரிய ஆட்டக்காரர்களுக்கு அந்த வேகம் தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது, ஸ்ட்ரிங்கில் இல்லை. இதையெல்லாம் சொல்லி 23இல் கட்டிக் கொடுத்தேன். "கேட்டதைச் செஞ்சு கொடுக்கறதுதானே சார் கடை?" என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பத்து நாளில் இருவரும் திரும்பி வந்தார்கள். வேறொரு இடத்தில் 30 போடச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிக்கொண்டிருக்கும்போதே பிரேம் மேல் வளைவில் உள்பக்கமாக மடிந்துவிட்டது. "ஒட்ட முடியுமா?" என்று கேட்டார். கார்பன் பிரேமை ஒட்டி அந்த இறுக்கத்தைத் தாங்க வைக்க முடியாது என்றேன். பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி இன்னும் இருக்கிறது. மற்றவர்களும் உங்கள் கடை அனுபவத்தை இங்கே எழுதுங்கள், பிறகு சொல்கிறேன்.

*

நானும் இதே தொழில்தான் அண்ணே. என் வயிற்றெரிச்சல் வேறு. ஒருத்தர் ஒரு மணி நேரம் நாலு பேட்டை வீசிப் பார்த்தார். 3யூ நல்லதா, 4யூ நல்லதா, ஹெட் ஹெவி (எடை தலைப்பக்கம் கூடுதலாக இருப்பது) என்றால் என்ன, எல்லாம் கேட்டார். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84, டபுள்ஸ் அதிகம் ஆடுகிறீர்கள் என்றால் 4யூ கைக்குச் சுளுவாக இருக்கும் என்று வாய் வலிக்கச் சொன்னேன். "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று பெயரைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அதே பேட்டோடு வந்து நின்றார். ஆன்லைனில் வாங்கியது, ஸ்ட்ரிங் கட்டணுமாம்! ஒரு காலத்தில் இப்படி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முட்டாள்தனம். ஒருவர் பேட் வாங்குவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை; நன்றாக ஆடுகிறவருக்கு ஸ்ட்ரிங் மாதம் ஒன்று அறும். 200 மீட்டர் ரீல் ஒன்றில் இருபது பேட் கட்டலாம். கடை ஓடுவது அதில்தான்.

சரி என்று வாங்கி தராசில் வைத்தேன். 4யூ என்று எழுதியிருந்த பேட், ஸ்ட்ரிங் இல்லாமலே 97 கிராம். ஸ்ட்ரிங் நுழையும் துளைகளில் இருந்த கிரோமெட் என்ற பிளாஸ்டிக் குழாயெல்லாம் பிசிறடித்திருந்தது. தராசை அவர் பக்கம் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

*

என் கதை காக் கதை. கிளப் ஒன்றுக்கு மொத்தமாக வாங்குகிறவர் பாதி தீர்ந்த காக் டியூபைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ரெண்டு ராலிக்குள்ள இறகு ஒடியுது, போலிச் சரக்கைக் கொடுத்துட்டீங்க." எங்கே வைத்திருந்தீர்கள் என்றால் ஏசி அறையில், அலமாரி மேலே. வாத்து இறகு அது, காய்ந்தால் குச்சி மாதிரி ஆகிவிடும். ஆடுவதற்கு முந்தின நாள் டியூபைத் திறந்து இறகுப் பக்கம் மட்டும் சில நொடி ஆவி காட்டி, மூடி வைத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

மனிதர் ஆர்வக் கோளாறில் இட்லி அவிக்கிற மாதிரி அவித்துவிட்டார். கார்க்கும் நனைந்து, காக் கனத்து, அடித்தால் எல்லாம் கோட்டுக்கு வெளியே. அதற்கும் சண்டைக்கு வந்தார்.

அவரோடு இன்னொரு பஞ்சாயத்து, வேக எண். டியூபில் 76, 77, 78 என்று இருக்குமே, அது தர வரிசை என்று நினைத்து எப்போதும் பெரிய எண்ணையே கேட்பார். அது வேகம். வெப்பமான இடத்தில் காற்று லேசாகி காக் தூரம் போகும்; அங்கே சின்ன எண்தான் சரி. ஒருநாள் அவர் ஆடும் கோர்ட்டுக்கே போனேன். பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடிக்கச் சொன்னேன். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் முன்னால் விழுந்தால் சரியான காக், விதியே அதுதான். அவருடைய 78 கோட்டை ஒட்டிப் போய் விழுந்தது. 76 கோட்டுக்கு முக்கால் மீட்டர் முன்னால் விழுந்தது. குனிந்து அடிக்கோலால் அளந்தார், இரண்டு தடவை. இப்போது கிளப்பில் எல்லோருக்கும் அவர்தான் பாடம் எடுக்கிறார், என் பெயரைச் சொல்லாமல்.

நைலான் காக்கின் கார்க்கைச் சுற்றியிருக்கும் நிறப் பட்டையும் இப்படித்தான்: பச்சை மெது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். ஜெர்ஸிக்கு மேட்சாக சிவப்பு கேட்டவர் உண்டு.

*

நான் கடைக்காரி இல்லை, வாங்கப் போனவள். நாற்பத்தாறு வயதில் ஆட ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் முழங்கை வலி. விலை உயர்ந்த பேட் வாங்கினால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டி, இப்படி பேட்மிண்டன் மட்டும் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் பார்த்தது என் காலை. "அக்கா, இந்த ஷூவோடவா ஆடுறீங்க?" ஓடுவதற்கான ஷூ, குதிகால் உயரமாக, மெத்தென்று. பக்கவாட்டில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும் என்றார்.

பிறகு என் பழைய பேட்டை வாங்கி ஸ்ட்ரிங்கை விரலால் தட்டினார். யாரோ 27இல் கட்டியிருந்ததாகச் சொன்னேன். அதை வெட்டிவிட்டு, 0.70 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிஜி 65 ஸ்ட்ரிங்கை 21இல் கட்டினார். கைப்பிடி மெலிசாக இருப்பதால்தான் இறுக்கிப் பிடிக்கிறேன் என்று ஒரு சுற்று கிரிப் கூடுதலாகப் போட்டார். ஷூ மட்டும் வாங்க வைத்தார். வலி ஒரே நாளில் போகவில்லை, மெல்ல மெல்லத்தான் குறைந்தது. அந்தப் பழைய பேட்டில்தான் இப்போதும் ஆடுகிறேன்.

*

முதலில் எழுதியவன் மறுபடியும். அந்தப் பையன் இப்போது பிளஸ் டூ. ஸ்ட்ரிங் அறுந்தால் உடனே மிச்சத்தையும் நடுவிலிருந்து வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒருபக்க இழுவையில் பிரேம் கோணும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கத்திரிக்கோலைப் பையிலேயே வைத்திருக்கிறான். லீவு நாளில் ஸ்ட்ரிங் கட்டும் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வான். போன வாரம், "அங்கிள், ஒரே ஒரு கிராஸ் நான் இழுக்கட்டுமா?" என்றான். கிராஸ் என்றால் குறுக்கே போகும் இழை. மெதுவா, வளைச்சு இழு என்றேன். அவன் சர்ரென்று இழுத்தான். உரசின சூட்டில் நடுவில் நெடுக்காகப் போகும் இழையில் வெள்ளையாக ஒரு தழும்பு. அப்படியே விட்டால் இரண்டாம் நாளே அங்கேதான் அறும்.

மொத்தத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து கட்டினேன். அந்த பேட் வேறொருவருடையது, ஆறு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அப்போது மணி ஐந்தேகால்.