சாக்குத்துணில பூசின பிளாஸ்டர் உதிருது, என்ன பண்ணலாம்?

கேள்வி:
ஃபைன் ஆர்ட்ஸ் ரெண்டாவது வருஷம். இத்தாலிய ஓவியர் ஆல்பர்தோ புர்ரியோட சாக்கு ஓவியங்களைப் பாத்ததுல இருந்து பித்துப் புடிச்ச மாதிரி பழைய சாக்கைக் கிழிச்சு தைச்சு ஒட்டிட்டு இருக்கேன், அதுமேல பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொழைச்சுப் பூசினேன், ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, காலைல ஃப்ரேமைத் தூக்கினா பொலபொலன்னு கொட்டுது. எங்க தப்பு?

பதில் 1:
துணி வளையும், பிளாஸ்டர் வளையாது, அவ்ளோதான். சாக்கை முதல்ல பிளைவுட்ல ஒட்டிருங்க. பிளாஸ்டருக்குப் பதிலா மார்பிள் பவுடரை அக்ரிலிக் மீடியத்துல (நிறமில்லாத அக்ரிலிக் பெயிண்ட் மாதிரி ஒரு பசை) கலந்து பூசிப் பாருங்க, காஞ்சப்புறமும் கொஞ்சம் நெளிவு இருக்கும். ஸ்பெயின் ஓவியர் தாபியெஸ் கூட மார்பிள் தூள் கலந்துதான் அந்தச் சுவர் மாதிரி பரப்பைக் கொண்டுவந்தார். மாஸ்க் போட்டுக்கோங்க, தூள் மூக்குல ஏறும்.

பதில் 2:
புர்ரி டாக்டருக்குப் படிச்சவர், 1940கள்ல டெக்சாஸ்ல போர்க்கைதியா இருந்தப்பதான் வரையவே ஆரம்பிச்சார். சாக்குல அவர் போட்ட தையலைக் காயத்துக்குப் போட்டதுன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அது கொஞ்சம் ஓவராத் தெரியும். உதிர்ந்ததைக் கூட்டித் தள்ளிடாதீங்க, 1970கள்ல 'கிரெட்டி' வரிசைல அவர் வெடிப்பையேதான் படமாக்கினார்.

கேள்வி கேட்டவர்:
ஐயோ, கூட்டிட்டேனே! சரி, பிளைவுட் வெட்டி வச்சாச்சு, நாளைக்கு மார்பிள் பவுடர்.